கை நனைக்காத ஞாயிறு

நீ ஜன்னலோரம் போயிடும்மா, எனக்குக் காத்து ஒத்துக்காது. காரைக்காலா? நான் பொறையாத்துல எறங்கணும். இந்த பஸ்ஸு செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர்னு ஒவ்வொரு ஊரையும் கும்பிட்டுட்டுத்தான் நகரும். அதுவரைக்கும் ஒனக்கு வேற சோலி இல்லைன்னா ஒரு நியாயம் சொல்லு. சொந்தக்காரங்கள்ட்ட கேட்டுப் பார்த்தாச்சு, அவங்கவங்க பக்கத்துக்குப் பேசுறாங்க. நீ யாரோ எவரோ. நீ சொன்னா நியாயமா இருக்கும்.

எம் பேரு மனோரஞ்சிதம். பள்ளிக்கூடத்துல முப்பத்தோரு வருஷம் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. நூத்தி எண்பது புள்ளைங்க, வரிசையில ஒக்காந்தா நான் சொல்றவரைக்கும் ஒரு புள்ள தட்டுல கை வைக்காது. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பார்க்க வந்தவங்க எல்லாம், இது சத்துணவா பட்டாளமான்னு கேட்டுட்டுப் போனாங்க. சாப்பாட்டு விஷயத்துல என்னைக் குறை சொல்ற ஆளு இன்னும் பொறக்கலைன்னு நெனச்சிருந்தேன். பொறந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சாம். போன மாசம்தான் எனக்குத் தெரிஞ்சுது.

எனக்கு ஒரே பையன், இளம்பரிதி. அவங்கப்பா வச்ச பேரு. தாலுகா ஆபீஸ்ல சர்வேயர். ஊரு நெலத்தை எல்லாம் அளக்குறான், அவனை அளந்து பார்க்கத்தான் ஆள் இல்ல. முப்பத்துநாலு வயசு. பதினோரு பொண்ணு பார்த்தாச்சு. ஒண்ணு ரொம்ப உயரம். ஒண்ணு உயரமே இல்ல. ஒரு வீட்டுல நாய் வளர்த்தாங்க. ஒரு பொண்ணு வந்து நின்ன ஒடனே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. பார்த்த ஒடனே சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு, சொல்லு. வேணாம்டான்னேன். சரிம்மான்னுட்டான். பதினோரு தடவையும் சரிம்மாதான், ஏம்மான்னு ஒரு தடவகூடக் கேட்டதில்ல. புள்ளைன்னா அது புள்ள.

ஆனா ஊரு சும்மா இருக்குமா? கோயிலுக்குப் போனா, கடைக்குப் போனா, 'என்ன மனோ, தம்பிக்கு இன்னும் அமையலையா'ங்குறாங்க. எனக்கே அறுபது ஆகப்போகுது. நான் கண்ணை மூடிட்டா இவனுக்கு யாரு சோறு போடுவா? அவன் தட்டுல என்ன விழுதுன்னு பார்க்க ஒரு ஆளு வேணும். எனக்கு இருக்கிற கவலை அது ஒண்ணுதான். அதுக்காகத்தான் இவ்வளவு அலைச்சலும்.

அப்பதான் என் நாத்தனா பூங்கோதை ஒரு ஜாதகம் கொண்டாந்தா. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, பொறையாத்துல வாக்கப்பட்டவ. அதே தெருவுல ஒரு பொண்ணு, பேரு சுபாஷினி, இருபத்தெட்டு வயசு. காரைக்கால்ல ஒரு லேப்ல ரத்தம் எடுக்குற வேலை. அப்பா இல்ல, தவறிட்டாரு. அம்மா வசந்தா மட்டும். பொருத்தம் பார்த்தா பத்துக்கு எட்டு. சரி, வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்க வர்றோம்னு சொல்லுன்னேன். பூங்கோதை தலையைச் சொறியிறா. 'அண்ணி, அந்தப் பொண்ணு வீட்டுல வச்சு ரெண்டு தடவ பார்த்துட்டுப் போயிட்டாங்க. இனிமே தட்டு தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன், பார்க்கணும்னா வெளியில எங்கயாவது பார்க்கட்டும், நானும் பார்த்துக்கிறேன்னு சொல்லிடுச்சு'ங்குறா. 'நானும் பார்த்துக்கிறேன்'ங்கிற வார்த்தை எனக்கு அப்பவே உறுத்துச்சு. இருந்தாலும் பத்துக்கு எட்டு.

அதனால தரங்கம்பாடின்னு முடிவாச்சு. குடும்பத்தோட கோட்டை பார்க்கப் போற மாதிரி நாங்க போறது, அவங்களும் அதே மாதிரி வர்றது, கடற்கரைக் கோயில்ல எதேச்சையா பார்த்துக்கிறது. எதேச்சையான்னா எல்லாம் பேசி வச்ச எதேச்சைதான். பத்தரை மணி, மாசிலாமணி நாதர் சன்னதி. பொண்ணு பார்க்க டிக்கெட் எடுத்துக் கோட்டைக்குள்ள போன குடும்பம் இந்த ஜில்லாவுலயே நாங்கதான்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தெரியாது. பொண்ணு பார்க்கப் போனா, சம்மதம் சொல்றவரைக்கும் பையன் வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாது. பச்சையா சொன்னா, சோறு திங்கக் கூடாது. தின்னுட்டா சம்மதம்னு அர்த்தம். நான் ஒரு எடத்துலயும் அதை மீறினதில்ல. பதினோரு வீட்டுலயும் தட்டுல கேசரி கண்ணு முன்னாடி இருக்கும். எங்க வீட்டுக்காரர் துரைக்கண்ணு அதைப் பார்த்துக்கிட்டே இருப்பாரு. நான் அவரைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்.

ஞாயித்துக்கிழமை காலையில வாடகைக் கார் எடுத்துட்டுக் கெளம்பினோம். நான் நாலு மணிக்கே எந்திரிச்சு புளிச்சோறு கெளறி, மசால் வடை சுட்டு, துவையல் அரைச்சு எல்லாம் தூக்குல அடைச்சாச்சு. வீட்டுக்காரருக்கு சுகர். எட்டு மணிக்கு ரெண்டு இட்லி, ஒரு மாத்திரை. அவரு ரேஷன் கடையில பில் போட்டு ரிட்டயர் ஆனவரு, வாழ்க்கையில ஒரு தடவகூட என்கிட்ட எதுத்துப் பேசினதில்ல. கார்ல ஏறினதும், 'மனோ, அங்க போயி எத்தனை மணிக்குச் சாப்பாடு'ன்னு கேட்டாரு. 'அது பொண்ணைப் பொறுத்து'ன்னேன்.

கோயில்கிட்ட எறங்கல இன்னும், கார்க் கதவைத்தான் தொறந்திருக்கேன், அந்த வசந்தா ஓடியாந்து, 'அடடே, நீங்க எங்க இந்தப் பக்கம்'னுட்டா. சன்னதியில சொல்ல வேண்டிய வார்த்தை அது. டிரைவர் சிரிக்கிறான். பூங்கோதைக்கு நடிக்கவும் வரல, நடிக்காம இருக்கவும் வரல. சரின்னு சாமியைக் கும்பிட்டோம். கோயிலுக்கு முன்னாடியே கடலு. கோயிலோட பழைய பகுதியைக் கடல் எப்பவோ கொண்டுட்டுப் போயிடுச்சாம். மிச்சம் இருக்கறதுகிட்டதான் நான் வேண்டிக்கிட்டேன், பன்னெண்டாவதாவது நெலைக்கணும் சாமின்னு.

அப்புறம் கோட்டை. டேனிஷ்காரன் கட்டினதாம், நானூறு வருஷம் ஆச்சாம். உள்ள மியூசியம், பழைய தட்டு, ஜாடி, காசு. நான் எங்க ஜாடியைப் பார்த்தேன். பொண்ணைப் பார்த்தேன். நல்ல நெறம், நல்ல உயரம். நடை கொஞ்சம் வேகம், அது சொன்னா சரியாயிடும். பேச்சு கம்மி. அம்மாக்காரி படி ஏறுறப்ப கையைப் பிடிச்சு ஏத்திவிட்டுது. பூட்ஸ் மாதிரி ஒரு செருப்பு போட்டிருந்துச்சு, அதையும் சொன்னா மாத்திக்கும். மொத்தத்துல எனக்குப் பிடிச்சிடுச்சு. பதினொன்னே முக்காலுக்கு மனசுல முடிவே பண்ணிட்டேன்.

ஒடனே சொல்லியிருக்கலாமே, அதானே ஒன் கேள்வி? ஒடனே சொன்னா அலையிற மாதிரி இருக்கும்மா. பையன் வீடு. ஒரு பத்து நிமிஷமாவது யோசிக்கிற மாதிரி இருக்கணும். நானும் மேல ஏறி, கடலைப் பார்த்து, பீரங்கியைத் தொட்டுப் பார்த்து, யோசிக்கிற மாதிரி நின்னேன். திரும்பிப் பார்த்தா மணி பன்னெண்டு ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை எமகண்டம். எமகண்டத்துல போயி சம்மதம்னு ஒரு வார்த்தையை வாயால சொல்லலாமா? ஒன் வீட்டுல சொல்வாங்களா? சொல்ல மாட்டாங்க இல்ல.

சரி, ஒன்றரை வரைக்கும் பொறுப்போம்னு நான் வாயைக் கட்டிக்கிட்டேன். அந்த நேரம் பார்த்து வசந்தா பாயை விரிச்சிட்டா. கோட்டைச் சுவத்து நெழல்ல. 'வாங்கக்கா, ஒரு வாய் சாப்பிடலாம்'னு தூக்கைத் தொறக்குது. தேங்காச் சோறு, உருளைக்கெழங்கு வறுவல், நெய்யில மெதக்குற கேசரி. வாசனை கடல் காத்துலயும் வருது. நான், 'இருக்கட்டும், இப்ப பசியில்ல'ன்னேன். நான் பசியில்லைன்னா எங்க வீட்டுல யாருக்கும் பசியில்ல, அதுதான் எங்க பழக்கம்.

பூங்கோதை என் காதுகிட்ட வந்து, 'அண்ணி, நம்ம புளிச்சோத்தையாவது எடுப்போம், அண்ணன் மாத்திரை போட்டிருக்காரு'ங்குறா. கூறு வேணாமா அவளுக்கு? அவங்க சோத்தை விரிச்சு வச்சிக்கிட்டுக் கூப்பிடுறாங்க. அந்த எடத்துல நம்ம சோத்தை எடுத்துத் தின்னா என்ன அர்த்தம்? ஒங்க சோறு வேணாம், ஒங்க பொண்ணும் வேணாம்னு அர்த்தம். எனக்கு அந்தப் பொண்ணு வேணும். அதனால நம்ம சோறும் திங்க முடியாது. அவங்க சோத்தைத் தின்னா சம்மதம் சொன்ன மாதிரி ஆயிடும், எமகண்டத்துல. அதனால அவங்க சோறும் திங்க முடியாது. 'அப்ப தலையை மட்டும் ஆட்டிடுங்க அண்ணி, வாயால அப்புறம் சொல்லிக்கலாம்'ங்குறா. தலையை ஆட்டுறதும் சொல்றதுதான்னுட்டேன்.

நாங்க சாப்பிடாம அவங்க எப்படிச் சாப்பிடுவாங்க? அவங்களும் மூடி வச்சிட்டாங்க. ஆறு பேரு, ரெண்டு வீட்டுச் சோறு, நட்ட நடு மத்தியானம், எல்லாரும் கடலைப் பார்த்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம். டிரைவர் மட்டும் தேங்காச் சோறும் சாப்பிட்டான், கார்ல வச்சிருந்த புளிச்சோறும் சாப்பிட்டான். அவனுக்கு என்ன, அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்ல.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அந்தப் பொண்ணு வந்து, 'ஆன்ட்டி, நாங்க கொஞ்ச நேரம் பேசிட்டு வரட்டுமா'ன்னுச்சு. பையன் என்னைப் பார்த்தான். போடா, பத்து நிமிஷம்னேன். ரெண்டு பேரும் கடல் பக்கமா நடந்தாங்க. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். வழியில அவிச்ச கடலை விக்கிறவன்ட்ட அந்தப் பொண்ணு ஒரு பொட்டலம் வாங்கி அவன்கிட்ட நீட்டுது. அவன் வாங்கல. அங்கேர்ந்து திரும்பி என்னைப் பார்க்கிறான். அம்பதடி தூரம் இருக்கும். நான் லேசா தலையை இப்படி அசைச்சேன், அவ்வளவுதான். வேணாம்னுட்டான். அவ்வளவு தூரத்துலேர்ந்தும் என் கண்ணைப் படிக்கிறான் பாரு. அந்தப் பொண்ணும் திரும்பி என்னைப் பார்த்துச்சு. பார்த்துட்டு பொட்டலத்தை மடிச்சுக் கைப்பையில வச்சிக்கிச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. எவ்வளவு ஒழுக்கமான பையன்னு அதுவும் தெரிஞ்சுக்கட்டுமேன்னு.

மணி ஒண்ணேகால் இருக்கும். எங்க வீட்டுக்காரருக்கு வேர்க்க ஆரம்பிச்சுது. அந்தக் காத்துல யாருக்கும் வேர்க்காது. சட்டை தொப்பலா நனைஞ்சிடுச்சு. கை நடுங்குது. ஏங்க, என்னங்கன்னு கேட்டா என்னைப் பார்த்து, 'அடுத்த கார்டு வாங்க'ங்குறாரு. ரேஷன் கடையில ஒக்காந்திருக்கிற மாதிரி நெனப்பு. எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு, இல்லைன்னு சொல்லல. முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினவ. ஆனா கையில கட்டியிருந்த வாட்ச்சு ஒண்ணு இருபதுங்குது. இவ்வளவு நேரம் இழுத்துக்கிட்டு வந்தாச்சு, இன்னும் பத்தே நிமிஷம். 'பத்து நிமிஷம் தாங்கிக்குங்க'ன்னேன்.

பையன் அவரு தோளைப் பிடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். 'அம்மா'ன்னான். வேற ஒண்ணும் சொல்லல, அம்மான்னு மட்டும்தான். இருடான்னு கையைக் காட்டினேன். இருந்தான்.

அந்தப் பொண்ணு என்னைப் பார்க்கல. அவனைத்தான் பார்த்துச்சு. நல்லா ஒரு பார்வை. அப்புறம் 'சுகர் எறங்கிடுச்சு'ன்னுட்டு, யாரையும் ஒரு வார்த்தை கேக்காம தூக்கைத் தொறந்து, கேசரியை விரலால வழிச்சு அவரு வாயில போட்டுச்சு. தாடையைப் பிடிச்சிக்கிட்டு, 'முழுங்குங்கப்பா, முழுங்குங்க'ங்குது. நாலு வாய். டீக்கடையிலேர்ந்து சக்கரைத் தண்ணி கரைச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. கால் மணி நேரத்துல மனுஷன் கண்ணு தெளிஞ்சு ஒக்காந்துட்டாரு. ஒக்காந்து மொதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? 'கேசரி நல்லாருக்கு, யாரு செஞ்சது?'

எனக்குப் போன உசிரு வந்துச்சு. அதோட ஒரு சங்கடமும் வந்துச்சு. இது கை நனைச்ச கணக்கா இல்லையா? பூங்கோதைகிட்ட மெதுவா சொன்னேன், இது சேராது, அவரு கையே படல, அந்தப் பொண்ணுதான் ஊட்டிச்சு, அவரு கை காஞ்சுதான் இருக்கு, வேணும்னா தொட்டுப் பாருன்னு. அவ என்னை ஒரு மாதிரியா பார்த்தா. அவளுக்குச் சம்பிரதாயம் அவ்வளவா தெரியாது.

வாட்ச்சைப் பார்த்தேன், ஒண்ணு முப்பத்தஞ்சு. எமகண்டம் போயிடுச்சு. பொடவையைச் சரி பண்ணிக்கிட்டு, கெழக்கே பார்த்து நின்னு, நல்லா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னேன், 'எங்களுக்குச் சம்மதம்'னு.

வசந்தா பொண்ணைப் பார்க்குது. பொண்ணு தூக்கை மூடிக்கிட்டு இருந்துச்சு. மூடிட்டு நிமிந்து, ரொம்ப மரியாதையாதான் சொல்லுச்சு, 'நாங்க வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம் ஆன்ட்டி'ன்னு.

அது நாங்க சொல்ற வார்த்தைம்மா. பையன் வீட்டு வார்த்தை. பதினோரு வீட்டு வாசல்ல நான் சொன்ன வார்த்தை. அதுக்கு எந்த வீட்டுலயும் ஒருத்தரும் எனக்குப் பதில் சொன்னதில்ல, நான் எங்கேர்ந்து கத்துக்குறது?

கார்ல வர்றப்ப புளிச்சோத்துத் தூக்கைத் தொறந்தோம். வீட்டுக்காரர் சாப்பிட்டாரு. பையனுக்கு வடையோட சேத்து வச்சுக் குடுத்தேன், 'வேணாம்மா'ன்னான். அந்தப் பொண்ணு என்னடா பேசுச்சுன்னு கேட்டேன். 'ஒங்களுக்கு என்னென்ன சாப்பிடப் பிடிக்கும்னு கேட்டாங்க'ன்னான். நீ என்ன சொன்னன்னு கேட்டேன். 'யோசிச்சுப் பார்த்தேன், தெரியலம்மா'ன்னான். இது ஒரு கேள்வியா? என்னைக் கேட்டிருந்தா நான் வரிசையா சொல்லியிருப்பேனே.

மூணாம் நாள் பூங்கோதை போன் பண்ணினா. அவங்களுக்கு விருப்பம் இல்லையாம். காரணம் என்னன்னு கேட்டா சுத்தி வளைக்கிறா. அழுத்திக் கேட்டதுக்கு அந்தப் பொண்ணு சொன்னதைச் சொன்னா. 'அவரு நல்லவருதான். ஆனா பெத்த அப்பா கண்ணு முன்னாடி மயங்கி விழுறப்பவும் அம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. நாளைக்கு நான் விழுந்தாலும் அப்படித்தானே'ன்னு சொல்லுச்சாம்.

இப்ப நீ நியாயம் சொல்லு. அம்மா பேச்சைக் கேக்குறது ஒரு குத்தமா? அதை விடு. எங்க வீட்டுக்காரர் அவங்க கேசரியைச் சாப்பிட்டாரா இல்லையா? சாப்பிட்டாரு. ஊட்டினாலும் அவரு நாக்குலதானே பட்டுச்சு, வயித்துக்குள்ளதானே போச்சு? கை நனைஞ்சா என்ன, நாக்கு நனைஞ்சா என்ன? பொண்ணு வீட்டுச் சோறு உள்ள போயிடுச்சுன்னா சம்மதம் முடிஞ்சு போச்சு. அப்புறம் மாட்டேன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு ஏது உரிமை? எந்த ஊரு வழக்கம் இது? பூங்கோதைகிட்ட கேட்டா, 'அன்னைக்கு சேராதுன்னீங்களே அண்ணி'ங்குறா. அன்னைக்கு நெலம வேற.

இதைத்தான் ஒரு நாள் சாயந்திரம் வீட்டுல பேசிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரர் பூண்டு உரிச்சிக்கிட்டு இருந்தாரு. தலையை நிமிராம கேட்டாரு, 'மனோ, அன்னைக்கு நான் செத்துப் போயிருந்தா ஒன்றரை மணி வரைக்கும் அழாம இருந்திருப்பியா'ன்னு. கோவமா கேக்கல. சும்மா தெரிஞ்சுக்கிறதுக்குக் கேக்குற மாதிரி கேட்டாரு. 'என்ன பேச்சு இது, அழறதுக்கு யாராவது நேரம் பார்ப்பாங்களா'ன்னேன். 'அப்ப சரி'ன்னுட்டு அடுத்த பூண்டை எடுத்தாரு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, ஏன்னு தெரியல.

பையனும் மாறிட்டான். சண்டை எல்லாம் கெடையாது. சாப்பிட ஒக்காந்தா, கரண்டியை என் கையிலேர்ந்து வாங்கி, 'நானே போட்டுக்கிறேம்மா'ங்குறான். அவ்வளவுதான். போட்டுக்கட்டும். ஆனா நான் அந்த எடத்துல கையை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியாம நிக்கிறேன். கஷ்டமா இருக்கும்மா. ஒன்கிட்ட சொல்றதுக்கு என்ன, கொல்லைப் பக்கம் போயி அழுதேன்.

திருக்கடையூர் வந்துடுச்சா? இன்னும் கொஞ்சந்தான். முழுசும் சொல்லிடறேன்.

நேத்து சாயந்திரம் வசந்தாவே எனக்குப் போன் பண்ணுச்சு. 'அக்கா, போன ஞாயித்துக்கிழமை தம்பி எங்க வீட்டுக்கு வந்திருந்தாரு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன், தெரியாதுன்னு இப்பத்தான் பூங்கோதை சொல்லுச்சு. மறைச்ச மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க'ன்னுச்சு. என்கிட்ட அவன் அவசர சர்வேன்னு சொல்லிட்டுப் போனான். ஞாயித்துக்கிழமை என்ன சர்வேன்னு நான் கேக்கல, பொய் சொல்லுவான்னு எனக்குத் தோணவே இல்லையே. எதுக்கு வந்தான்னு கேட்டேன். 'சுபாகிட்ட, அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும், எந்திரிக்கல, அது தப்புதான்னு சொன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல. சாப்பாட்டு நேரமா இருந்துச்சு. சாப்பிடுறீங்களா தம்பின்னேன். சாப்பிடுறேன்னாரு.'

'ஒடனே சொன்னானா?'

'ஒடனேதான்க்கா.'

'என்ன சாப்பிட்டான்?'

'சோறும் மத்திமீன் கொழம்பும். மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாரு.'

என்னால நம்ப முடியல. அவன் தொண்டையில சின்ன வயசுல ஒரு தடவ முள்ளு மாட்டிக்கிச்சு. அதுலேர்ந்து நான் ஒக்காந்து முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான் மீன் சாப்பிடுவான், இன்னைய வரைக்கும். 'முள்ளு யாரு எடுத்தா'ன்னு கேட்டேன். 'அவரேதான்க்கா எடுத்துக்கிட்டாரு'ன்னுச்சு.

அப்ப முடிவாயிடுச்சா, பையன் கை நனைச்சுட்டானேன்னு கேட்டேன். 'அது தெரியலக்கா. சுபா இன்னும் ஒண்ணும் சொல்லல. ரெண்டும் போன்ல பேசிக்குதுங்க. பொறுத்துப் பார்ப்போம்'னுச்சு. நான் வேணா ஒரு நடை வரட்டுமான்னேன். அதுக்கு வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல.

வீட்டுக்காரர்கிட்ட, அவங்க வீட்டுக்கே போயி நியாயம் கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பினேன். பஸ் ஏறினப்பவும் அந்த நெனப்புதான். என்னென்ன கேக்கணும்னு வரிசையா வச்சிருந்தேன். இப்ப ஒன்கிட்ட சொல்லச் சொல்ல, அதுல ஒண்ணுகூட அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துக் கேக்க முடியும்னு தோணல.

ஒண்ணு மட்டும் செஞ்சிருக்கேன். காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. போயி ஒக்காருவேன். அந்தப் பொண்ணு சாப்பிடுங்கன்னு சொன்னா, நேரம் காலம் பார்க்காம எலையில கையை வச்சுடறது. நான் வாயால தப்புன்னு சொல்லிப் பழக்கம் இல்லாதவ, எனக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான். ஆனா அந்தப் பொண்ணு சொல்லணுமே. ஒரு டம்ளர் தண்ணியைக் குடுத்து, பூங்கோதை வீட்டுலதானே மத்தியானச் சாப்பாடுன்னு கேட்டுட்டா நான் என்ன செய்வேன்? நெனச்சாலே பயமா இருக்கு. ஊருக்கே சோறு போட்டவளுக்கு இந்த வயசுல இப்படி ஒரு பயம்.

எறங்கற எடம் வந்துடுச்சு. கொஞ்சம் இப்படித் திரும்பி என்னைப் பார்த்துச் சொல்லிடும்மா. என் முகத்தைப் பார்த்தா பசியா இருக்கிறவ மாதிரி தெரியுதா?